வாசல் தாண்டாதவள்

ஹாங்ஜோ
குவாங்ஷு சக்கரவர்த்தியின் 30ஆம் ஆட்சியாண்டு, இரண்டாம் மாதம், மூன்றாம் நாள்

தங்கை பெய்லானுக்கு,

பருவநிலையைப் பற்றி நான்கு வரி எழுதி வைத்திருந்தேன். உன் அண்ணி எட்டிப் பார்த்து, "நல்ல சேதியை வெச்சுக்கிட்டு மழையைப் பத்தி யாராவது எழுதுவாங்களா?" என்றாள். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.

செய்தி இது. பீகிங்கிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. இருபத்தாறு வருட விதவை வாழ்வில் நீ காத்த ஒழுக்கத்தைப் போற்றி, உன் புகுந்த ஊரான வூதாங்கில் கல்தோரண வாயில் ஒன்று எழுப்பச் சக்கரவர்த்தி அனுமதித்திருக்கிறார். உத்தரவின் படியை வட்ட அதிகாரி உன் புகுந்த வீட்டு லூ குலத்தாருக்கு இந்நேரம் அனுப்பியிருப்பார். நம் அப்பா இருந்திருந்தால் ஊரைக் கூட்டி விருந்து வைத்திருப்பார்.

இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. போன குளிர்காலத்தில் லூ குலத்தலைவர் கெங்ஷெங் என் வீடு தேடி வந்தார். விண்ணப்பத்தோடு உன் வாழ்க்கைக் குறிப்பையும் சேர்க்க வேண்டுமாம். பிறந்த வீட்டுப் பட்டதாரி ஒருவர் எழுதினால் மதிப்பு அதிகமாம். மூன்று முறை எழுதித் திருத்தினேன். "கணவனை இழந்த நாள் முதல் இன்றுவரை வீட்டு வாசலைத் தாண்டியதில்லை" என்ற வரியை வட்ட அதிகாரி வெகுவாகப் பாராட்டினாராம்.

நீ ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதாகக் காதில் விழுந்தது. நல்ல காரியம்தான். தோரணம் எழும்பும்வரை கொஞ்சம் அடக்கமாகச் செய்தால் நல்லது. இது என் அபிப்பிராயம் மட்டுமே.

அண்ணன்,
வென்ஹான்


வூதாங்
இரண்டாம் மாதம், பதினெட்டாம் நாள்

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்பே உங்கள் எழுத்து இங்கே வந்துவிட்டது. லூ குலத்தின் மூதாதையர் கூடத்தில், எல்லோரையும் நிற்க வைத்து, கெங்ஷெங் அதை ராகம் போட்டுப் படித்தார். பெண்கள் நாங்கள் திரைக்குப் பின்னால். நான் எப்படி வாழ்ந்தேன் என்பதை அன்றைக்குத்தான் நானே தெரிந்துகொண்டேன்.

உங்கள் காதில் விழுந்ததைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்கு எதிரே ஒரு சிறு சந்து; அதைத் தாண்டினால் கால்வாய்க்கரையில் ஒரு பழைய பட்டுப்புழுக் கொட்டகை. என் மாமியார் காலத்தோடு புழு வளர்ப்பது நின்றுபோய், எலி குடியிருந்தது. ஆறு மாதமாக அங்கே பதினான்கு பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறேன். எழுத்து, கணக்கு, பூகோளம். சேரும்போது ஒரே நிபந்தனை: வீட்டில் அடுத்த பெண்குழந்தைக்குப் பாதம் வளராதபடி துணியால் இறுக்கிக் கால் கட்டுவதில்லை என்று தாய் வாக்குக் கொடுக்க வேண்டும். அடக்கமாகச் செய்யும் காரியமில்லை. பதினான்கு பிள்ளைகள் ஒன்றாகப் பாடம் ஒப்பித்தால் கால்வாயின் மறுகரைக்குக் கேட்கும்.

படித்து முடித்ததும் கெங்ஷெங் திரைப் பக்கம் திரும்பினார். "இந்தாம்மா, 'வாசலைத் தாண்டியதில்லை'ன்னு இருக்கு. சக்கரவர்த்தி படிச்ச வார்த்தை இது. நாளையிலேருந்து நீங்க அந்தச் சந்தைத் தாண்டிக் கொட்டகைக்குப் போனீங்கன்னா என்ன அர்த்தம்? உங்க அண்ணன் சக்கரவர்த்திகிட்டயே பொய் சொல்லிட்டாருன்னு அர்த்தம். வயசான மனுஷன். அவருக்கு இந்தக் கதி வேணுமா? நீங்களே யோசிங்க."

எவ்வளவு பணிவாகச் சொன்னார் தெரியுமா! பின்னாலிருந்து என் ஓரகத்தி ஒருத்தி, "அதான் தோரணம் கட்டித் தராங்களே, பேசாம கும்பிட்டு வாங்கிக்க வேண்டியதுதானே" என்று முணுமுணுத்தாள்.

நான் யாரிடம் தோரணம் கேட்டேன்? கொட்டகைக் கூரைக்கு ஓடு கேட்டேன். குலச் சொத்தில் மிச்சமில்லை என்றார்கள். இப்போது ஷாவ்ஷிங் மலையிலிருந்து கல் வெட்டப்போகிறார்களாம்.

நான் எத்தனை முறை வாசல் தாண்டியிருக்கிறேன் என்று நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம். வெள்ளம் வந்த வருடம் நான்தான் படகில் நின்று குத்தகைக்காரர்களுக்கு அரிசி அளந்தேன். மாமனாருக்கு மருந்து வாங்க மலைக்கோயில்வரை போனேன். அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, போகட்டும். ஆனால் அண்ணி விஷக்காய்ச்சலில் கிடந்தபோது ஒரு குளிர்காலம் முழுவதும் உங்கள் வீட்டில் இருந்தது யார்? உங்கள் வாசல்படியில் நான் படகில் போர்த்தி வந்த துணி ஈரமாகக் கிடந்ததே, அதைத் தாண்டித்தானே தினமும் வெளியே போனீர்கள்? "வாசலைத் தாண்டியதில்லை" என்று எழுதியபோது உங்கள் தூரிகை ஒரு கணம்கூட நிற்கவில்லையா?

வட்ட அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்த வரி உண்மையல்ல என்று எழுதுங்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெய்லான்


ஹாங்ஜோ
மூன்றாம் மாதம், இரண்டாம் நாள்

தங்கைக்கு,

உன் கடிதங்களை அண்ணிக்கு நான்தான் வாய்விட்டுப் படித்துக்காட்டுவது வழக்கம் என்று உனக்குத் தெரியும். இம்முறை நடுவில் ஒரு பகுதியைத் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "எங்க நிறுத்தினீங்களோ அங்கிருந்து படிங்க" என்றாள். படித்தேன். முடித்ததும் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

நிதானமாக யோசித்து, வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கோபப்படாமல் படி.

முதலாவது, அந்த வரி நானாக இட்டுக்கட்டியதல்ல. இத்தகைய விண்ணப்பங்களுக்கென்று ஒரு நடை இருக்கிறது. பழைய குறிப்புகள் சிலவற்றை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். ஒன்றில்கூட எந்த விதவையும் வாசல் தாண்டவில்லை. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் அது வெறும் சம்பிரதாயம் என்று தெரியும். யாரும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது, சக்கரவர்த்திக்குப் போன விண்ணப்பத்தில் பொய் இருந்ததாக எழுதியவனே ஒப்புக்கொண்டால், பட்டம் பறிபோகும். நாற்பது வயதுவரை பரீட்சை எழுதி வாங்கிய பட்டம். பட்டத்தின் அடையாளமான இந்தத் தொப்பியையும் அதன் மேலிருக்கும் மணியையும் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது? பிள்ளை வேறு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறான்.

மூன்றாவது, ஒரு யோசனை. நீ ஏன் சந்தைத் தாண்ட வேண்டும்? பிள்ளைகள் உன் வீட்டுக்கு வரட்டுமே. நீ வாசல் தாண்டவில்லை, நானும் பொய் சொன்னவனாகவில்லை. இருவருக்கும் பங்கமில்லை.

நான் சொல்வது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளைகளுக்காகப் பதினான்கு தூரிகைகள் அனுப்பியிருக்கிறேன். ஆட்டுமயிர்த் தூரிகைகள், கற்பவர்களுக்கு ஏற்றவை.

வென்ஹான்


வூதாங்
நான்காம் மாதம், ஏழாம் நாள்

அண்ணனுக்கு,

தூரிகைகள் வந்தன. நல்ல தூரிகைகள். கடிதத்தைத்தான் கால்வாயில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

உங்கள் மூன்றாவது யோசனையை உடனே செய்து பார்த்தேன். பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்தார்கள். மூன்றாம் நாள் கெங்ஷெங் ஆள் அனுப்பினார். இந்த வீடு குலச் சொத்து, கற்புடைய விதவை வாழும் வீடு, கண்டவர் பிள்ளைகள் வந்து போனால் அதன் தூய்மை கெடும் என்று. கண்டவர் என்றால் ஓடக்காரர் மகள் ஆதாவ். தோஃபு விற்பவரின் மூன்றாவது பெண். அவளுக்கு வீட்டில் பெயரே வைக்கவில்லை, 'மூணாவது' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இவர்கள் கால் பட்டு என் தூய்மை கெட்டுவிடுமாம். அதனால் மறுபடி நானே சந்தைத் தாண்டிக் கொட்டகைக்குப் போகிறேன், தினமும், பட்டப்பகலில்.

நேற்றுக் கல் வந்தது. நான்கு படகு. எங்கே இறக்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஊர் முகப்பில் இடமில்லையா? கோயில் மைதானத்தில் இடமில்லையா? கொட்டகையின் வாசலில் இறக்கினார்கள். தோரணத்தின் இடது தூண் சரியாக அந்த வாசலின் நடுவில்தான் வர வேண்டுமாம். திசை பார்ப்பவர் குறித்துக் கொடுத்துவிட்டாராம்.

பிள்ளைகள் கல்மேல் ஏறிக் குதித்துத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. ஆதாவுக்குக் கால் கட்டவில்லை, ஆடு மாதிரி தாவுகிறாள். மூணாவதுக்குப் போன வருடமே கட்டிவிட்டார்கள். அவள் கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். ஆதாவ் அவளை முதுகில் சுமந்து, "அழாதடி, மூக்கை என் சட்டையில துடைக்காதடி" என்று திட்டிக்கொண்டே தாண்டினாள். அண்ணா, என்னைக் கௌரவிக்க வந்த கல் இது!

கல்தச்சர் யூ மேஸ்திரி பாவம், நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. உசிரோட இருக்கறவங்களுக்கு நான் தோரணம் செதுக்கினதே இல்ல. மேல 'காலஞ்சென்ற'ன்னு போடறதா வேணாமான்னு குலத்தலைவரைக் கேட்டேன். 'அந்த இடத்தைக் கொஞ்சம் காலியா விடுங்க, வேலை முடியறதுக்குள்ள எப்படியும் ஆகலாம்'னு சிரிக்கறாரு."

சிரித்தாராம்.

பீகிங்கில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து இந்த நாட்டையே ஆளும் ராஜமாதாவும் ஒரு விதவை. அவள் எத்தனை வாசல் தாண்டியிருப்பாள் என்று எந்தப் பட்டதாரியாவது எழுதட்டும். (இந்த வரியைப் படித்ததும் எரித்துவிடுவீர்கள். எரித்துக்கொள்ளுங்கள்.)

என் பள்ளிக்கூடத்தை உங்கள் தொப்பியின் மணிக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தூரிகை வேண்டாம். ஒரு வரி எழுதுங்கள்.

பெய்லான்


ஹாங்ஜோ
ஐந்தாம் மாதம், முதல் நாள்

தங்கைக்கு,

அந்த வரியை எரித்துவிட்டேன். கத்தரித்து எடுத்துத்தான் எரித்தேன். பின்பக்கத்தில் இருந்த நான்கு சொற்களும் போய்விட்டன, மன்னிக்கவும்.

உன்னிடம் மறைக்க முடியவில்லை. வட்ட அதிகாரிக்கு எழுதத்தான் செய்தேன். ஐந்து முறை எழுதினேன். ஐந்தாவதை மடித்து, உறையிலிட்டு, அஞ்சல் படகுத்துறைவரை கொண்டுபோனேன். மழை பெய்தது. மழையில் உறை நனைந்து மை கலங்கிவிடும் என்று திரும்பி வந்தேன். அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். "குடை எதுக்கு இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து என் தேநீரை நானே போட்டுக்கொள்கிறேன். நன்றாக வருவதில்லை.

ஆனால் இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நேற்று கெங்ஷெங் வந்தார். ஜின்ஹுவா பன்றித்தொடையும் ஒரு ஜாடி மஞ்சள் மதுவும் கொண்டுவந்தார். உன் உடல்நிலை சரியில்லை என்றார். புத்தி கொஞ்சம் தடுமாறுகிறது, உணவு இறங்குவதில்லை, வைத்தியர் நம்பிக்கை சொல்லவில்லை என்றார். பிறகு மிகவும் தயங்கி, "பெரியவரே, நீங்க எழுதினாதான் அழகா இருக்கும். இப்பவே ஒரு இரங்கல் குறிப்பு எழுதி வெச்சுட்டா, கடைசி நேரத்துல அவசரப்பட வேணாம் பாருங்க" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். பன்றித்தொடையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். "இதை நீங்களே எடுத்துட்டுப் போங்க. உங்க துக்க வீட்டுக்கு உதவும்" என்றாள். அறுபது வயதுப் பெண் ஒரு குலத்தலைவரிடம் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

நீ நலமாக இருக்கிறாயா? உண்மையை எழுது. ஒரே ஒரு சொல்லாவது எழுது. இரவில் தூக்கம் வரவில்லை.

வென்ஹான்


வூதாங்
ஐந்தாம் மாதம், ஒன்பதாம் நாள்

அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் கொஞ்சம் ஒட்டும். சுன் அம்மா படகுத் திருவிழாவுக்குக் கட்டிய அரிசிப் பொட்டலத்தின் மூங்கில் இலைக்குள் சுருட்டி வெளியே போகிறது. உங்கள் கடிதமும் அப்படித்தான் உள்ளே வந்தது. என்னிடம் மிச்சமிருப்பது இந்த வேலைக்காரக் கிழவி மட்டும்தான். அரிசி வாங்க அவளை மட்டும் பின்வாசல் வழியாக விடுகிறார்கள், கூடையைத் துழாவிப் பார்த்துவிட்டு.

நான் நலம். நன்றாகச் சாப்பிடுகிறேன். கோபத்தில் பசி அதிகமாகிறது.

போன மாதம் இருபதாம் நாள், நான் சந்தைத் தாண்டப் படியில் கால் வைத்தபோது, குலத்துப் பையன்கள் நால்வர் வாசல் கதவை வெளியிலிருந்து சாத்திப் பலகை அடித்துவிட்டார்கள். ஆணி அடிக்கும் சத்தத்துக்கு நடுவில் கெங்ஷெங்கின் குரல் கேட்டது: "கோவிச்சுக்காதீங்கம்மா. சக்கரவர்த்தியோட வார்த்தையைக் காப்பாத்தறோம்."

நீங்கள் எழுதிய பெண்ணாகவே என்னை ஆக்கிவிட்டார்கள், அண்ணா. வாசல் தாண்டாதவள். இப்போது உங்கள் குறிப்பில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

முதல் இரண்டு நாள் முற்றத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காலை சுவருக்கு வெளியே ஒரு குரல்: "வாத்தியாரம்மா! ஏழாம் பாடம் முடிஞ்சுது. எட்டாவது என்ன?" ஆதாவ். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் குசுகுசுவென்று. நான் சுவரோரம் முக்காலி போட்டு ஏறிக் கத்தினேன். அவர்கள் திருப்பிக் கத்தினார்கள். "கடல்னா எவ்ளோ பெருசு வாத்தியாரம்மா? நம்ம கால்வாய் மாதிரி பத்து இருக்குமா?" என்று ஒருத்தி. "கடலைக் கால்வாயால அளக்கறா பாரு, மண்டு" என்று இன்னொருத்தி. குலத்துப் பையன்கள் வந்து விரட்டினார்கள். மறுநாள் மறுபடி வந்தார்கள். பதினான்கு பேர் இல்லை. குரல்களை வைத்துப் பார்த்தால் ஒன்பது.

நானும் இப்படித்தானே படித்தேன், நினைவிருக்கிறதா? உங்களுக்கு வாத்தியார் பாடம் சொல்ல, நான் காகித ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பூத்தையல் தட்டோடு உட்கார்ந்திருப்பேன். ஒப்பிக்கும்போது நீங்கள் தடுமாறினால், நான் தும்முவது போல அடுத்த வரியை முனகுவேன். வாத்தியாரிடம் அடி வாங்காமல் தப்பினீர்கள். அந்தப் பட்டத்தில் சில எழுத்துகள் என்னுடையவை. அதைக் காப்பாற்றுவதற்காக என்னை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள்.

கல்தச்சர் விட்டுவைத்திருக்கும் காலி இடத்தை நிரப்ப நான் தயாராக இல்லை என்று கெங்ஷெங்கிடம் சொல்லிவிடுங்கள். சாகமாட்டேன். அதற்கு எனக்கு நேரமில்லை. எட்டாம் பாடம் நடந்துகொண்டிருக்கிறது.

இதுதான் கடைசி. இனி உங்களிடம் கேட்கமாட்டேன்.

பெய்லான்


ஹாங்ஜோ
ஆறாம் மாதம், பதினோராம் நாள்

தங்கைக்கு,

போய்விட்டு வந்தேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கடிதம் எழுதினால் மறுபடி மழை வரும் என்று நினைத்தேன். ஆகவே நேரிலேயே போவதென்று முடிவு செய்தேன். அண்ணி மூட்டை கட்டிக்கொண்டு முன்னாலேயே படகில் உட்கார்ந்திருந்தாள். "வழியில எங்கயாவது இறங்கிடுவீங்க. நானும் வரேன்" என்றாள். உண்மையில் இரண்டாவது துறையில் எனக்கு இறங்கத் தோன்றியது.

வட்ட அதிகாரி மரியாதையாக வரவேற்றார். தேநீர் கொடுத்தார். நான் என் குறிப்பின் படியை மேசைமேல் வைத்து, அந்த வரியில் விரல் வைத்து, "இது உண்மையல்ல" என்றேன். அவர் சிரித்தார்.

"பெரியவரே, எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. நானும் எங்க சித்திக்கு அப்படித்தான் எழுதினேன். அவங்க மாசத்துக்கு மூணு தடவை கோயிலுக்குப் போவாங்க. யார் கேக்கறா?"

"இதைக் கேட்டிருக்கிறார்கள். இந்த வரியை வைத்து என் தங்கையை உள்ளே போட்டு ஆணி அடித்திருக்கிறார்கள்" என்றேன்.

அது குல விவகாரம், அதில் தலையிட முடியாது என்றார். நான் கொண்டுபோன தாளை எடுத்தேன். நீ வாசல் தாண்டிய சந்தர்ப்பங்கள், எனக்குத் தெரிந்தவை, வருட வரிசையில். வாசிக்க ஆரம்பித்தேன். அவர் முகம் மாறியது. "நிறுத்துங்க. அந்த விண்ணப்பம் என் முத்திரையோட மேல போயிருக்கு. நீங்க இப்படிப் படிச்சா நானும் மாட்டுவேன். வயசாயிடுச்சு, ஞாபகம் தடுமாறுதுன்னு நினைக்கறேன். சாட்சி யாராவது இருக்காங்களா?"

அண்ணி எழுந்தாள். அவளை யாரும் பேசச் சொல்லவில்லை. "நான் இருக்கேன். ஒரு குளிர்காலம் பூரா என் தலையை மடியில வெச்சுக் கஞ்சி ஊட்டினது யாரு? ஆவியா? அவ வாசல் தாண்டலைன்னா நான் செத்துட்டேன்னு அர்த்தம். அப்ப எனக்கும் ஒரு தோரணம் கட்டுங்க!"

பக்கத்து அறை எழுத்தர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி மேசையைத் தட்டினார். இதைப் பதிவில் ஏற்றினால் என் பட்டம் போகும், தெரிந்துதான் பேசுகிறேனா என்று கேட்டார்.

பெய்லான், எனக்குக் கோபம் வந்தது. அறுபத்துநான்கு வயதில் முதல் முறை என்று நினைக்கிறேன். கோபம் என்றால் இப்படியா இருக்கும் என்று ஆச்சரியமாக இருந்தது. உன் கடிதங்களின் வரிகள் எல்லாம் ஒன்றாக வாய்க்கு வந்தன. ஓடு கேட்டவளுக்குக் கல் கொடுத்தீர்கள் என்றேன். உயிரோடு இருப்பவளுக்கு இரங்கல் எழுதச் சொல்கிறீர்கள் என்றேன். என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது. வெளியே வழக்குக்காக வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தொப்பியைக் கழற்றி, அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதில் பாதி அவளுடையது. பாதித் தொப்பியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

முடிவில் அவருக்கு வசதியான வழியையே எடுத்துக்கொண்டார். முதிய பட்டதாரி தவறான தகவல் கொடுத்துவிட்டார், அதை அதிகாரியே கண்டுபிடித்தார், விண்ணப்பம் திரும்பப் பெறப்படுகிறது, பட்டதாரியின் பெயர் நீக்கப்படுகிறது. தோரண அனுமதியை ரத்து செய்யச் சொல்லி மேலிடத்துக்கும் எழுதிவிடுவார். அந்த வரி பதிவிலிருந்து போனதால், அதன் பெயரால் யாரையும் அடைத்துவைக்க முடியாது என்று லூ குலத்துக்கு ஓர் உத்தரவு. அதை மட்டும் என் கண்ணெதிரே முத்திரையிட வேண்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன். முத்திரையிட்டார்.

திரும்பும் படகில் தலையில் காற்று பட்டது. பழக்கமில்லாததால் சளி பிடித்துவிட்டது. அண்ணி இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தாள்.

ஆணியைப் பிடுங்கிவிட்டார்களா? பிடுங்காவிட்டால் எழுது. மறுபடி போகிறேன்.

வென்ஹான்


வூதாங்
ஏழாம் மாதம், நான்காம் நாள்

அண்ணனுக்கு,

பிடுங்கிவிட்டார்கள். அதிகாரியின் ஆளும் யூ மேஸ்திரியும் வந்தார்கள். மேஸ்திரி ஒவ்வொரு ஆணியையும் பிடுங்கி என் கையில் கொடுத்து, "வெச்சுக்கங்கம்மா, நல்ல இரும்பு" என்றார். வைத்திருக்கிறேன். கொட்டகையில் தேசப்படம் மாட்ட உதவும் என்று நினைத்தேன்.

ஆனால் கொட்டகை போய்விட்டது. என் கதவைத் திறந்த அன்றே கெங்ஷெங் அதைப் பூட்டிவிட்டார். அது குலச் சொத்து. பூட்டக்கூடாது என்று எந்த உத்தரவிலும் இல்லை. தெருவில் என்னைப் பார்த்தால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எங்கள் ஊருக்கு வந்த தோரணத்தை நானே விரட்டிவிட்டேனாம். ஐந்து தாய்மார் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி ஐந்து வயது இளைய மகளுக்குக் கால் கட்டக்கூட ஆரம்பித்துவிட்டாள். அந்தக் குழந்தை இரவில் அழுவது என் அறைவரை கேட்கிறது. ஆகவே என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள்மேலும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மழைக்குப் பயந்து திரும்பினீர்களே, அந்த நாளுக்காக.

ஆனால் தாளை எடுத்து வருட வரிசையில் வாசித்தீர்களே. அதைச் சுன் அம்மாவுக்கு மூன்று முறை படித்துக்காட்டினேன்.

கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அனுமதி ரத்தான தோரணத்தின் கல் தீட்டுக் கல்லாம். குலத்தார் யாரும் அதைத் தொடமாட்டார்கள். தொட்டால் வம்சத்துக்கு ஆகாதாம். படகுக்காரர்களும் ஏற்ற மறுக்கிறார்கள். அதனால் நான்கு படகுக் கல்லும் அப்படியே சந்தில் கிடக்கிறது, யாருக்கும் சொந்தமில்லாமல். கெங்ஷெங் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போகிறார், கல் நாறுவது போல.

நாங்கள் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம். தூண் கற்கள் பெஞ்சு. விட்டக்கல் எனக்கு மேடை. நடுவில் பட்டுப் போலத் தேய்த்த பெரிய பலகைக்கல் ஒன்று. என் கற்பைப் புகழும் நான்கு எழுத்துகள் செதுக்குவதற்காக மேஸ்திரி ஒரு மாதம் தேய்த்தது. அதில் பிள்ளைகள் எழுதிப் பழகுகிறார்கள். மையும் காகிதமும் தேவையில்லை. உங்கள் ஆட்டுமயிர்த் தூரிகைகளைக் கால்வாய்த் தண்ணீரில் தோய்த்து எழுதினால் கறுப்பாகத் தெளிவாக விழுகிறது.

இன்று காலை பெயர் எழுதும் பாடம். மூணாவது என் முன்னால் வந்து நின்று, "எனக்குத்தான் பேரே இல்லையே வாத்தியாரம்மா" என்றாள். ஒரு பெயரைத் தேர்ந்தெடு என்றேன். வெகுநேரம் யோசித்து, கால்வாயைப் பார்த்து, 'ஹே' என்றாள். ஆறு என்று அர்த்தம். எழுதிக் காட்டினேன். நாக்கைத் துருத்திக்கொண்டு, அந்தப் பெரிய கல்லின் நட்டநடுவில், அவள் உயரத்துக்கு எழுதினாள்.

ஏழாம் மாத வெயில் உங்களுக்குத் தெரியும். கடைசிக் கோட்டை முடிப்பதற்குள் முதல் கோடு காயத் தொடங்கிவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தவள், "ஐயோ, என் பேரு போயிடுச்சு!" என்று அழ ஆரம்பித்தாள்.

ஆதாவ் தன் வரியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "எதுக்குடி ஒப்பாரி? மறுபடி எழுது. ஆத்துல தண்ணி தீந்தா போச்சு?"

பெய்லான்